உப்புக் கரிக்காத வீடு

உப்பு விளையுற ஊருக்குள்ள ஒரு மனுசன் வெளிநாட்டு உப்பை வாளியில வாங்கி, ஆட்டோவுல ஏத்தி, மடியில பிள்ளையத் தாங்குற மாதிரி தாங்கிக்கிட்டு வந்து இறங்கினா, ஊரு சிரிக்குமா சிரிக்காதா, நீங்களே சொல்லுங்க. தூத்துக்குடியில எங்க பழைய கிட்டங்கித் தெருவுல எந்த மொட்டைமாடியில ஏறி நின்னாலும் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் உப்பளமும் தெரியும், காத்தடிச்சா உதட்டுல உப்பு ஒட்டும், சன்னல் கம்பியெல்லாம் துருப்பிடிச்சு உதிரும்; அந்தத் தெருவுக்குத்தான் என் கொழுந்தன் ஜெயபால் உப்பு வாங்கிட்டு வந்தான். பலசரக்குக் கடை வேலாயுத அண்ணாச்சி தராசைப் போட்டுட்டு வெளிய வந்து, "ஏ தம்பி, நம்ம கடையில கல்லுப்பு மூட்டை வாசல்லயே கிடக்கு, எவனும் களவாங்க மாட்டான்னு ராத்திரிகூட உள்ள எடுத்து வைக்கறதில்ல, நீ எந்தச் சீமையில போயி உப்பு வாங்கிட்டு வார?"ன்னு கேட்டாரு.

"இது மீனுக்கு அண்ணாச்சி" ன்னான் ஜெயபால்.

"மீனுக்கு உப்பு குழம்புலல்லா போடணும்" ன்னாரு அண்ணாச்சி. தெருவே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், ஆனா எனக்குச் சிரிப்பு பல்லோட நின்னு போச்சு.

என்னையப் பத்திச் சொல்லிருதேன். என் பேரு சுயம்புக்கனி. எனக்குப் பொறாமை உண்டு, அதை நான் ஒளிச்சு வச்சதும் கிடையாது. அடுத்தவ புதுச்சேலை கட்டினா எனக்குக் காது மடல் ரெண்டும் சூடாயிரும், எதிர்வீட்டு முருங்கை காய்ச்சா எனக்குச் சோறு இறங்காது, பசி தாகம் மாதிரி அதுவும் வேளாவேளைக்கு வரும், வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விட்டுருவேன். எங்க வீட்டுக்காரர் பேரு தவசிலிங்கம், உப்பளத்துல கணக்கப்பிள்ளை, கேட்டா ஒரு வார்த்தை பேசுவாவ, கேக்காட்டி அதுவும் இல்ல. அவிய தம்பிதான் ஜெயபால். ஒரே வீட்டை நடுவுல சுவர் வச்சு ரெண்டாப் பிரிச்சு, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவனும் அவன் பொண்டாட்டி சந்தனமாரியும் இருந்தோம். இருந்தோம்னு சொல்லுதேன், அவன் எங்க இருந்தான், கல்யாணமான நாள்ல இருந்து சரக்குக் கப்பல்லதான் கிடந்தான், சந்தனமாரி புருசனைப் பாத்ததைவிடக் கொடியில காயுற அவன் சட்டையப் பாத்ததுதான் அதிகம்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் கப்பலை விட்டுட்டு வந்துட்டான். வந்தவன் பொண்டாட்டியக் கூப்பிட்டு உக்கார வச்சு, உனக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கான். அவ சேலை கேக்கல, செயின் கேக்கல. "இத்தனை வருசமும் என்னைய இங்கன விட்டுட்டு அங்கன எதைப் பாத்துக்கிட்டு இருந்தியளோ, அதை நானும் பாக்கணும்" ன்னாளாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் வீட்டுக்குள்ள கடலைக் கொண்டாந்து வச்சான். இதை அவ வெக்கப்பட்டுக்கிட்டே என்கிட்ட வந்து சொன்னப்ப, எனக்கு அடிவயித்துல பத்திக்கிட்டு வந்துச்சு பாருங்க, அது மீனுக்காக இல்ல, தொட்டிக்காகவும் இல்ல. என்கிட்ட இந்த ஜென்மத்துல யாரும் உனக்கு என்ன வேணும்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா நானும் நல்ல பதிலாத்தான் சொல்லியிருப்பேன்.

கூடத்துல ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வந்துச்சு, கல்லு வந்துச்சு, மணல் வந்துச்சு, தண்ணிய ஓட வைக்க மோட்டாரும் மேல கட்ட நீல விளக்கும் வந்துச்சு. நடுச்சுவர்ல மேல காத்துக்குன்னு ஒரு ஓட்டை விட்டிருந்தாவ, சாயங்காலம் ஆச்சுன்னா அது வழியா அந்த நீல வெளிச்சம் என் அடுப்பங்கரைக்குள்ள வந்து அலையும், நான் திருவுற தேங்காகூட நீலமாத் தெரியும். ஓட்டைய அடைச்சிரலாமான்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாவ. வேண்டாம்னேன். எரியுறதும் ஒரு சொகந்தான்.

ஜெயபாலுக்கு அவசரம். அந்த உப்பைக் கரைச்சுத் தண்ணி நிறைச்ச மறுநாளே மீனைக் கொண்டாந்து விட்டான், விட்டதெல்லாம் வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. மீன் குடுத்த கடைக்காரர் போன்ல அவனைப் பிடிச்சு ஏசினாராம்: "தண்ணின்னா ஊத்தின உடனே தண்ணியாயிருமா தம்பி? கண்ணுக்குத் தெரியாத சீவனெல்லாம் அதுல குடியேறணும், மீன் போடுற கழிவை அதுங்க தின்னு செமிக்கணும், அதுவரைக்கும் அது தண்ணி இல்ல, விஷம். பொறு" ன்னாராம். சரின்னு அவனும் மாசக்கணக்குல வெறுந்தண்ணிய ஓடவிட்டுக் காவல் காத்தான், சின்னக் குப்பியில தண்ணி எடுத்து மருந்துச் சொட்டு விட்டு என்ன கலர் வருதுன்னு பாத்தான், கலர் சரியா வந்த பொறவு புது மீனைப் பையோட மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணியச் சொட்டுச் சொட்டா அதுல கலந்து, பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டுற பக்குவத்துல இறக்கிவிட்டான். அந்தத் தடவை மீன் நின்னுச்சு. ஆரஞ்சுல வெள்ளைக் கோடு போட்டது, எலுமிச்சம்பழ மஞ்சள்ல ஒண்ணு, உடம்பு நீலமும் வாலு மஞ்சளுமா ஒண்ணு, அதெல்லாம் திரும்புறப்ப சந்தனமாரி முகத்துலயும் கலர் மாறும். தெருவுல சாயங்காலம் சீரியல் பாக்குற கூட்டம் குறைஞ்சு போச்சு. எல்லாரும் வந்து பாத்து, ஆகா ஓகோன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போயி ஒண்ணும் பேசாமப் படுத்தாவ.

அந்த வாரத்துல இருந்துதான் மீன் குறைய ஆரம்பிச்சுது. மிதக்கல, சும்மா குறைஞ்சுது. ஜெயபால் மேல வலை போட்டு மூடினான், மோட்டாரைக் கழட்டி உள்ள சிக்கியிருக்கான்னு பாத்தான், கல்லுக்குள்ள நண்டு எதுவும் ஒளிஞ்சிருந்து தின்னுதோன்னு ஒவ்வொரு கல்லா எடுத்து மோந்து பாத்தான், பூனை வராம இருக்கச் சன்னலை அடைச்சான். "செத்தா மிதக்கணும் மைனி, தின்னா முள்ளாவது கிடக்கணும், குதிச்சா தரையில காய்ஞ்சு கிடக்கணும், ஒண்ணும் இல்லன்னா எங்கதான் போச்சு" ன்னு என்கிட்ட வந்து கேட்டான். எனக்கு என்ன தெரியும், உதட்டைப் பிதுக்கினேன். திரும்பவும் வாங்கி விட்டான், திரும்பவும் குறைஞ்சுது. அவன் பேச்சும் அதோட சேந்து குறைஞ்சுது. ஒருநாள் சந்தனமாரி அழுதுகிட்டே வந்தா. "அக்கா, இதுவும் நிக்கலன்னா எனக்கு இந்தக் கரையில வேலை இல்ல, நான் கப்பலுக்கே போயிருதேன்னு சொல்லுதாவ. ஏஜென்ட்டும் போன் போட்டுக்கிட்டே இருக்கான். போனா அவிய அங்கனயே கிடந்துருவாவ அக்கா" ன்னா. நான் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். தடவிக் குடுக்கும்போதே, உனக்கு அழவாவது ஒரு காரணம் இருக்கேன்னு நினைச்சேன்.

போன மீன் எங்க போச்சுன்னு முதல்ல தெரிஞ்சது அண்ணாச்சி வீட்டுல. காலையில பொண்டாட்டி குடுத்த காப்பி உப்புக் கரிச்சுது, சீனி டப்பாவைப் பாத்தா சீனி சரியா இருக்கு, குடத்தைத் திறந்து பாத்தா ஆரஞ்சுக் கோட்டு மீன் ஒண்ணு குடத்துக்குள்ள சுத்திச் சுத்தி வருது, குடத்துத் தண்ணியெல்லாம் கடல் தண்ணி. அண்ணாச்சி குடத்தோட தூக்கிக்கிட்டு ஜெயபால் வீட்டுக்கு வந்து இறக்கி வச்சு, "நேத்துப் படுக்கும்போது நினைச்சேன் தம்பி, எனக்கும் ஒருத்தன் இப்படிச் செஞ்சு குடுக்க மாட்டானான்னு. நினைச்சது நெசம். காலையில இது கிடக்கு" ன்னாரு. அடுத்த நாள் எங்க தெரு ரோஸ்லின் டீச்சர், மாதா கோயில் தீர்த்தம் வச்சிருந்த பாட்டிலுக்குள்ள ஒரு குட்டி மீன் தலைகீழா நிக்குறதைப் பாத்து, சிலுவை போட்டுக்கிட்டு, பாட்டிலோட கொண்டாந்து குடுத்தாவ. அப்புறம் ஒவ்வொரு வீடாத் தெரிய வந்துச்சு. அரிசி களைஞ்ச தண்ணியில, ஃபிரிட்ஜ் பாட்டில்ல, தோசைக்கு ஊறப்போட்ட உளுந்துல.

இதுல எங்க தெருவுல யாரும் வாயைப் பொளக்கல. ஆசைப்பட்டது ஆசைப்பட்டவன்கிட்ட வருது, அதுல என்ன அதிசயம் இருக்கு, கறவை மாடு தீவனம் இருக்குற பக்கம் போகத்தான செய்யும்னு விட்டுட்டாவ. சங்கடமெல்லாம் வேற. எவன் வீட்டுத் தண்ணி கரிக்குதோ அவன் மனசு எரியுதுன்னு ஊருக்கே தெரிஞ்சு போகுதுல்லா, அதுதான் மானக்கேடு. அதனால எங்க தெருவுல புதுப் பழக்கமெல்லாம் வந்துச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் உக்காரும் முன்ன ஒரு செம்பு தண்ணி கேட்டாவ, தாகத்துக்கு இல்ல, நாக்குல வச்சுப் பாக்க. பொண்ணு பாக்க வந்தவிய பொண்ணை அப்புறம் பாத்தாவ, தண்ணிய முதல்ல பாத்தாவ. குடத்துக்கெல்லாம் மூடி வந்துச்சு, மூடிக்கு மேல அம்மிக் குழவி வந்துச்சு. வெயில் காலம் முழுக்க எந்த வீட்டுல நுழைஞ்சாலும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ்தான் குடுத்தாவ, ஏன்னு யாரும் கேக்கல. வந்த மீனைத் திருப்பிக் குடுக்கவும் ஆள் குறைஞ்சுது. குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆகும். சந்து திரும்புற வீட்டுக்காரி ஒருத்தி மட்டும், எனக்கு வந்தது பொறாமையில இல்ல, பாசத்துலன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவளுக்குத்தான் நாலு வந்திருந்துச்சு.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. எங்க ஊர்ல கண்ணு பட்டா கல்லுப்பைக் கையில பொத்தித் தலையைச் சுத்தித் தண்ணியில போடுவோம், உப்புக் கரையக் கரையக் கண்ணேறும் கரைஞ்சிரும்னு. இப்ப எல்லாருக்கும் அவிய அவிய கண்ணுமேலயே பயம் வந்துட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா தன் தலையத் தானே சுத்திக்கிட்டாவ, ஆனா அந்த உப்பை எந்தத் தண்ணியில போட? வீட்டுத் தண்ணியத்தான் நம்ப முடியலையே. எந்தத் தொட்டியப் பாத்து எரிஞ்சோமோ அந்தத் தொட்டியிலயே போட்டாத்தான் தோசம் தீரும், அதுவோ ஏற்கெனவே உப்புத் தண்ணி, உப்போட உப்பாப் போயிரும்னு ஒரு கணக்குப் போட்டு, மீன் பாக்க வார சாக்குல ஆளுக்கு ஒரு பிடி உப்பைத் தொட்டிக்குள்ள போட்டுட்டுப் போனாவ. நானும் போட்டேன். இதுல நெசமாவே கொஞ்ச மீன் செத்து மிதந்துச்சு, தொட்டி விளிம்புல வெள்ளையாப் பூத்துப் போச்சு. ஜெயபால் மருந்துச் சொட்டையே பாத்துக்கிட்டு முழிச்சான். எங்க வீட்டுக்காரர்தான் உப்பளத்துல தண்ணியில எவ்வளவு உப்பு ஏறியிருக்குன்னு டிகிரி பாக்குற கண்ணாடிக் குழாயக் கொண்டாந்து தண்ணியில மிதக்கவிட்டுக் குனிஞ்சு பாத்தாவ.

"இது தொட்டி இல்ல தம்பி, பாத்தி. இன்னும் கொஞ்சம் விட்டா உப்பு வாரலாம்" ன்னாவ.

ஜெயபால் தலையில அடிச்சுக்கிட்டு, தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, வாசப்படியில ஒரு அண்டாவுல தண்ணி வச்சு, உப்புப் போடுறவிய இதுல போட்டுட்டு உள்ள வாங்கன்னு சொல்லிட்டான். ஒருத்தரும் மறுபேச்சுப் பேசாம அண்டாவுல போட்டுட்டு உள்ள போனாவ.

மீன் சாகுறது அதோட நின்னுச்சு, காணாமப் போறது நிக்கல. முன்னையாவது யார் வீட்டுலயாவது கிடச்சுது. இப்ப வாங்கி விடுறதுல பாதி எந்த வீட்டுலயும் இல்ல. தெருக்காரங்க கூடிப் பேசி, சாமி மேல சத்தியம் வாங்கி, அண்ணாச்சியும் டீச்சரும் முன்னால நடக்க, ஒவ்வொரு வீட்டுத் தண்ணியையும் நக்கிப் பாத்துக்கிட்டே வந்தாவ. ஒளிச்சு வச்சிருந்த நாலஞ்சு மீன் வெளிய வந்துச்சு, அது போக மிச்சம் எங்கன்னு தெரியல. எங்க வீட்டுக் குடத்துல டம்ளரை விட்டுக் குடிச்சுப் பாத்துட்டு ரோஸ்லின் டீச்சர், "இளநி மாதிரில்லா இருக்கு" ன்னு சொல்லி என் கையப் பிடிச்சுக்கிட்டாவ. ஒட்டுச் சுவர்ல இருந்துக்கிட்டு, கொழுந்தன் வீட்டு வாழ்வை ராப்பகலாப் பாத்துக்கிட்டு, ஒரு சொட்டு உப்பு கரிக்கல, என்ன மனசுய்யா இந்தப் பிள்ளைக்குன்னு தெருவே பேச ஆரம்பிச்சுட்டு. பால் காய்ச்சுறவிய எங்க வீட்டுல இருந்து தண்ணி மோந்துட்டுப் போனாவ. வயித்துப்பிள்ளைக்காரிக்கு எங்க வீட்டுத் தண்ணி குடுத்தா நல்லதுன்னு ஒரு பேச்சு.

பேரு நல்லாத்தான் இருந்துச்சு, வேண்டாம்னு சொல்லுவேனா. ஆனா உள்ளுக்குள்ள எனக்கு அவமானம் பிடுங்கித் தின்னுச்சு. இந்தத் தெருவுல என்னைய விட எரிஞ்சவ யாரு? நீல வெளிச்சத்துல சோறு பொங்கித் தின்னவ நான். அண்ணாச்சிக்கு வருது, சிலுவை போடுற டீச்சருக்கு வருது, சந்து வீட்டுக்காரிக்கு நாலு வருது, எனக்கு ஒரு குஞ்சு மீன் வரலன்னா என் பொறாமைக்கு என்ன மரியாதை? காலையில எந்திரிச்சதும் குடத்தைத் திறந்து பாப்பேன். வெறுந்தண்ணி என் முகத்தைக் காட்டும்.

இதுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரர் போக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு. முன்னெல்லாம் தண்ணி பிடிக்குறது என் வேலை, இப்ப விடியுமுன்ன தெருக்குழாய்க்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு அவியளே போனாவ, பிடிச்சு வச்சுட்டு, டீகூடக் குடிக்காம, மூடி போட்ட வாளி ஒண்ணை டிவிஎஸ்ல மாட்டிக்கிட்டு உப்பளத்துக்குப் போனாவ. வாளியில என்னன்னு கேட்டா, வேலைக்குன்னாவ. நான் நம்பல. ஒருநாள் கடையில, உப்பளத்துல வேலை பாக்குற பேச்சியம்மா என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, கூட வந்தவளைப் பாத்துச் சிரிச்சா. "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுசர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்கா" ன்னா. என் காது மடல் ரெண்டும் அப்படிச் சுட்டுச்சு, மீனாவது மண்ணாவது, எல்லாம் மறந்து போச்சு. மூடி போட்ட வாளியில இட்லியா, இடியாப்பமா, எவளுக்குச் சுமக்குதாவன்னு நானே பாத்துருதேன்னு முடிவு கட்டிட்டேன்.

மறுநாள் அவிய கிளம்பின பொறவு ஆட்டோ பிடிச்சு உப்பளத்து முக்குல இறங்கி, வரப்பு மேல நடந்து போனேன். அப்பத்தான் வெளுக்குது. பாத்தியெல்லாம் கண்ணாடியாக் கிடக்கு, அங்கங்க உப்புக் குமியல். கடல்தண்ணிய முதல்ல விட்டுத் தேக்குற குளம் ஒண்ணு கோடியில இருக்கும், அதுல இன்னும் உப்பு ஏறியிருக்காது, கடல் தண்ணியாவேதான் கிடக்கும். அந்தக் கரையில பேச்சியம்மாவும் இன்னும் நாலு பொம்பளையளும் வேலைக்கு இறங்கும் முன்ன டீத் தூக்கை நடுவுல வச்சுக்கிட்டு, கன்னத்துல கை வச்சுத் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாவ. எங்க வீட்டுக்காரர் வேட்டிய மடிச்சுக் கட்டி முட்டளவு தண்ணியில நின்னு, வாளிய மெள்ளச் சரிச்சாவ. நீல உடம்பும் மஞ்சள் வாலுமா ஒண்ணு வழுக்கி உள்ள போச்சு.

"இது யாருக்கு?" ன்னு கேட்டேன். என் குரல் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு.

அவிய திரும்பிப் பாத்தாவ. பதறல. "உனக்கு வந்ததுதான்" ன்னாவ.

"எனக்கா?"

"தினமும் நம்ம குடத்துல கிடக்கும். ஒண்ணு, ரெண்டு. தம்பி சந்தனமாரியப் பைக்ல வச்சுத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போன அன்னைக்கு வாளி கொள்ளல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஊரே நாக்கை நீட்டிக்கிட்டுத் திரியுது. உன் பேரு கெடாம இருக்கட்டும்னு நினைச்சேன்."

"தம்பிக்காவது திருப்பிக் குடுத்திருக்கலாம்லா?"

"எங்க கிடச்சுதுன்னு கேப்பான். எனக்குப் பொய் வராது கனி." இவ்வளவு வார்த்தைய ஒரே மூச்சுல அவிய பேசி நான் கேட்டதில்ல.

நான் கரையில உக்காந்தேன். வெயில் ஏற ஏற உள்ள இருந்ததெல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. மஞ்சளும் நீலமும் கோடும் புள்ளியுமா, தெருவுல காணாமப் போன அத்தனையும், என் வயித்தெரிச்சல் அத்தனையும், கூட்டங்கூட்டமாத் திரும்பித் திரும்பி மின்னுச்சு. வெக்கம் வரும்னு பாத்தேன், வரல. எனக்கு வந்தது கோவம். எனக்கு வந்த மீனை இத்தனை நாளும் இவளுவல்லா பாத்திருக்காளுவ. பேச்சியம்மா அதுங்களுக்குப் பேருகூட வச்சிருந்தா. "அந்தக் குட்டையன் இருக்காம்லா அக்கா" ன்னு ஒண்ணைக் காட்டினா. என் மீனுக்குப் பேர் வைக்க நீ யாருட்டின்னு கேட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே டீய ஊத்தி என் கையில குடுத்தா. சந்தனமாரிக்கு ஒருத்தன் கண்ணாடித் தொட்டியில கடல் காட்டினான்னு எரிஞ்சேனே, எனக்கு ஒரு மனுசர் உனக்கு என்ன வேணும்னுகூடக் கேக்காம, தினம் ஒரு வாளியாச் சுமந்து குளத்தையே நிறைச்சு வச்சிருக்காவன்னு அந்த டீயக் குடிக்கும்போதுதான் தோணுச்சு.

வீட்டுக்கு வந்தா அந்தப் பக்கம் பெட்டி திறந்து கிடந்துச்சு. தொட்டியில கடைசியா மிச்சம் இருந்த நீல மீனும் காலையில இல்லையாம். ஜெயபால் ஏஜென்ட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டான். சந்தனமாரி அவன் சட்டையெல்லாம் ஒவ்வொண்ணாத் தேச்சு அடுக்கிக்கிட்டிருந்தா, அழல, அதான் பாக்க முடியல. பின்னால ஒரு மீனும் இல்லாம மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

என் பேரு கெட்டாலும் பரவாயில்லன்னு அடுத்து நான் செஞ்சதை ஊரு பெரிய தியாகமாப் பேசுது. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ அந்தச் சட்டையத் தேச்சுக்கிட்டிருந்ததைப் பாத்தப்பகூட என் மனசுல ஓடினது ஒண்ணுதான்: இத்தனை நாளும் நான் அவளைப் பாத்து எரிஞ்சேன், ஒருநாளாவது அவ என்னையப் பாத்து எரியட்டும். "வாட்டி, உனக்கு ஒண்ணு காட்டுதேன்" ன்னு கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

குளத்தைப் பாத்ததும் அவ வாயில கை வச்சுக்கிட்டா. எல்லாம் எப்படி இங்கன்னு கேட்டா. ஒண்ணு விடாமச் சொன்னேன், விடியக்காலை, குடம், வாளி, டிவிஎஸ், எல்லாம். அவ மீனைப் பாப்பான்னு நினைச்சேன். அவ மீனைப் பாக்கல.

"உங்க பேரு கெடக்கூடாதுன்னு அத்தான் இத்தனை நாளும் சுமந்தாவளா?" ன்னு கேட்டா.

"ஆமா" ன்னேன்.

திரும்பி வரும்போது வரப்புல எனக்கு முன்னால நடந்தா. அவ காது மடல் ரெண்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. அந்தச் செவப்பு என்னன்னு எனக்குத் தெரியாதா? எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

மறுநாள் காலையில சந்தனமாரி வீட்டுத் தொட்டியில நீல மீன் இருந்துச்சு. அடுத்த நாள் மஞ்சள். அதுக்கப்புறம் ஒண்ணும் ரெண்டுமா, தொட்டி தாங்குற அளவுக்கு, அவசரப்படாம வந்துச்சு. அப்படித்தான் விடணும்னு மீன் குடுத்த கடைக்காரர் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொன்னாராம், அதை ஜெயபால் முதல்ல கேக்கல, இவ எரிச்சல் கேட்டுச்சு. அவன் சட்டையெல்லாம் பெட்டியில இருந்து திரும்பக் கொடிக்கு வந்துச்சு. ஏஜென்ட் போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டான். இப்ப அவ என்னையப் பாத்து எரிய, நான் அவளைப் பாத்து எரிய, ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா கயிறு நகராதுல்லா, அப்படி மீன் நின்னு போச்சு. மீன் எப்படி நின்னுச்சுன்னு வெளியூர்ல தொட்டி வச்சிருக்கவனெல்லாம் ஜெயபால்கிட்ட வந்து கேக்கான். அவன் தண்ணியப் பத்தி நிறையப் பேசுதான். நானும் சந்தனமாரியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு எலுமிச்சை ஜூஸ் குடிப்போம்.

ஆனாலும் எல்லா நாளும் கயிறு ஒரே மாதிரியா இருக்கும்? நேத்துச் சாயங்காலம் அவ வந்து, அவிய இன்னைக்கு எனக்குத் தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டாவ அக்கான்னு சொல்லிட்டுப் போனா. அப்பவே எனக்குத் தெரியும். விடியுமுன்ன முழிப்புத் தட்டி, எந்திரிச்சுப் போயி குடத்தைத் திறந்தேன். எலுமிச்சம்பழ மஞ்சள்ல ஒண்ணு குடத்துக்குள்ள சுத்திக்கிட்டிருந்துச்சு. முதல் தடவையா எனக்கு வந்ததை நானே என் கண்ணால பாத்தேன். விரல்ல தொட்டு நாக்குல வச்சேன், கரிச்சுது. மெள்ள மூடி வச்சுட்டு வந்து, சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சாவ. குடத்து மூடிய எடுக்குற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணும் கேக்கல. நான் ஓரக்கண்ணால பாத்தேன். வாளியத் தூக்கும்போது கைப்பிடி கிணுங்கி நான் முழிச்சிரக்கூடாதுன்னு, ரெண்டு பக்கமும் என் பழைய சேலைத் துணியச் சுத்தி வச்சிருந்தாவ. அவிய திரும்பி என்னையப் பாக்கும் முன்ன நான் கண்ணை மூடிக்கிட்டேன்.